கல்லீரலுக்கு மட்டும் செலுத்தும் கீமோவுடன் இம்யூனோதெரபி பெற்றவர்களின் அனுபவம் தேவை

வணக்கம். நெதர்லாந்தில் எங்களுடன் வசிக்கும் என் மாமனார் டச்சுக்காரர், வயது 68. நான்காண்டுகளுக்கு முன் அவருடைய கண்ணில் வந்த மெலனோமா என்ற புற்றுநோய் இப்போது கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. எச்எல்ஏ-ஏ 02:01 என்ற மரபணு வகை இல்லாததால் டெபென்டாஃபஸ்ப் மருந்து அவருக்குப் பொருந்தாது.

தோல் மெலனோமாவுக்குக் கைகொடுக்கும் இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் சிகிச்சை) கண் மெலனோமாவுக்குத் தனியாக அவ்வளவு பலனளிப்பதில்லை என்பதால், கல்லீரலின் இரத்த ஓட்டத்தைப் பலூன் கதீட்டரால் (பலூன் பொருத்திய மெல்லிய குழாயால்) தனிமைப்படுத்தி, மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தை அதன் தமனியில் செலுத்தி, வெளியேறும் இரத்தத்தை வடிகட்டி உடலுக்குத் திருப்பும் முறையுடன் இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரு இம்யூனோதெரபி மருந்துகளையும் சேர்க்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். லைடன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 76 பேரிடம் நடந்த சோப்பின் (CHOPIN) என்ற ஆய்வில், மெல்ஃபலான் மட்டும் பெற்றவர்களைவிட இப்படிச் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் நீண்ட காலம் கட்டுப்பட்டிருந்தது, பக்கவிளைவுகளும் கூடின. அந்தப் பின்பாதிதான் எங்களை உறங்கவிடவில்லை.

இச்சிகிச்சையைப் பெற்றவர்களோ, உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களோ, இத்துறை மருத்துவர்களோ இங்கிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இரத்த அணுக்கள் குறைந்தபோது எத்தனை நாளில் தேறினீர்கள்? கல்லீரல் நொதிகள் உயர்ந்தால் காரணம் மெல்ஃபலானா, இம்யூனோதெரபியா என்று எப்படிப் பிரித்தறிந்தார்கள்? ஸ்டீராய்டு தேவைப்பட்டதா? அடுத்த வாரம் மருத்துவரைச் சந்திக்கிறோம். அவரிடம் தவறாமல் கேட்க வேண்டியது எதுவானாலும் சொல்லுங்கள். மூலிகை, உணவு மருத்துவ ஆலோசனைகளை மட்டும் இப்போதைக்குத் தவிர்க்க வேண்டுகிறேன்.