புதுப்பிப்பு: 20 வருடம் ஓடாமல் நின்ற பழைய கார்

ஷெட்டில் 20 வருடம் நின்ற காரை வாங்கிச் சீரமைக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கவில்லை.

முதலில் எஞ்சின். சாவியைத் தொடாமல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் கழித்து கிராங்க் போல்ட்டில் (எஞ்சினின் சுழலும் தண்டு முனையில் உள்ள போல்ட்) ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினேன். சுற்றியது! எஞ்சின் இறுகிப் போயிருக்குமோ என்றுதான் பயந்திருந்தேன்.

திட்டத்தைக் கவிழ்த்தது காந்தம். துணி சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழே உள்ள சில் என்ற இரும்புத் தகட்டுப் பகுதி முழுக்க வைத்துப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. இரண்டு பக்கமும் பாதி நீளத்துக்கு ஒட்டவே இல்லை. பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு இல்லை, ஓட்டையை மூடப் பூசும் வெறும் பட்டி. அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கினால், ஓட்டை வழியாக ஷெட்டின் தரை தெரிகிறது. தனி சேஸிஸ் இல்லாத மோனோகாக் பாடி என்பதால் பாரம் தாங்குவதே இந்த இடங்கள்தான். டேங்க், பிரேக் எதையும் அதற்குமேல் பார்க்கவில்லை.