எலாஸ்டிக்சர்ச்: 8 லட்சம் ரெக்கார்டை எடுக்கப் போனால் நோடு படுத்துவிடுகிறது

கேள்வி:
வணக்கம். எலாஸ்டிக்சர்ச் (தேடலுக்கான தரவுத்தளம்) பதிப்பு 7.17, ஒரே இண்டெக்ஸ் (டாக்குமெண்ட் தொகுப்பு), 5 ஷார்ட் (அதைப் பிரித்து வைத்த துண்டுகள்). அதிலிருந்து சுமார் 8 லட்சம் டாக்குமெண்ட்டை சிஎஸ்வி கோப்பாக எடுக்க வேண்டும். ஃப்ரம் (எத்தனையைத் தாண்டி), சைஸ் (எத்தனை வேண்டும்) போட்டு ஆயிரம் ஆயிரமாக எடுத்தேன். 10,000 தாண்டியதும் 'ரிசல்ட் விண்டோ பெரிதாக இருக்கிறது' என்று பிழை வந்தது. மேக்ஸ் ரிசல்ட் விண்டோவை (ஃப்ரம், சைஸ் கூட்டுத்தொகைக்கான வரம்பு) 10 லட்சமாக ஏற்றினேன். இப்போது பிழை வரவில்லை, ஆனால் 4 லட்சத்தை நெருங்கும்போது ஹீப் (வேலை நினைவகம்) நிரம்பி நோடு (எலாஸ்டிக்சர்ச் ஓடும் சர்வர்) விழுகிறது. ராம் கூட்டினால் சரியாகுமா?

பதில் 1:
ராம் கூட்டாதீர்கள். முதலில் அந்த செட்டிங்கைப் பழையபடி 10,000க்கே இறக்குங்கள், அது காவலுக்கு வைத்த வேலி.

ஃப்ரம் 4,00,000, சைஸ் 1,000 என்று கேட்டால் முதல் 4 லட்சத்தைத் தாண்டிக் குதிக்க அதற்குத் தெரியாது. ஒவ்வொரு ஷார்டும் 4,01,000 டாக்குமெண்ட்டை வரிசைப்படுத்தி அனுப்பும். ஐந்து ஷார்டுக்கு 20 லட்சத்துக்கு மேல். அத்தனையையும் ஒரு நோடு கலந்து அடுக்கி, உங்களுக்கு 1,000 தந்துவிட்டு மீதியைத் தூக்கி எறியும். அடுத்த பக்கத்துக்கு மறுபடி முதலிலிருந்து!

சர்ச் ஆஃப்டர் பயன்படுத்துங்கள். கடைசி வரியின் சார்ட் மதிப்பை (வரிசைப்படுத்தும் ஃபீல்டின் மதிப்பு) கொடுத்து 'இதற்கு அப்புறம் 1,000' என்று கேட்பதுதான் அது. எத்தனையாவது பக்கமானாலும் சுமை ஏறாது.

கேட்டவர்:
மாற்றினேன், நோடு அசையவே இல்லை. ஆனால் கவுண்ட் ஏபிஐ காட்டும் எண்ணிக்கையைவிட சிஎஸ்வியில் சில நூறு வரிகள் குறைகின்றன. சார்ட் தேதியில் மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

பதில் 2:
அங்கேதான் ஓட்டை. உங்கள் 1000ஆவது வரியும் 1001ஆவது வரியும் ஒரே நொடியில் பதிவானவை என்று வையுங்கள். 'இந்த நொடிக்கு அப்புறம்' என்று கேட்டால் 1001 அடிபட்டுப் போகும். பிழைச் செய்தியும் வராது. (ஒருமுறை இப்படி விட்டுப்போனதை எண்ணிப் பார்க்காமல் அனுப்பிவிட்டு முழித்திருக்கிறேன்.) தேதிக்குப் பின் இரண்டாவது சார்ட்டாக, ஒவ்வொரு டாக்குமெண்ட்டுக்கும் வேறுவேறாக இருக்கும் எண் ஃபீல்டு ஏதாவது சேருங்கள்.

கூடவே பாயிண்ட் இன் டைம் (அந்த நேரத்தில் இண்டெக்ஸ் இருந்தபடியே உறைந்த காட்சி) திறந்துகொள்ளுங்கள், 7.10 முதல் இருக்கிறது. இல்லாவிட்டால் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே புதிது சேர்ந்து, பழையது அழிந்து கணக்கு ஆடும். ஒவ்வொரு பதிலிலும் பாயிண்ட் இன் டைமின் ஐடி மாறி வரலாம், கடைசியாக வந்ததையே அடுத்த முறை அனுப்ப வேண்டும்.

கேட்டவர்:
எண்ணிக்கை இப்போது சரியாக வருகிறது, நன்றி. கீப் அலைவ் (பாயிண்ட் இன் டைம் திறந்திருக்கும் நேரம்) 2 மணி நேரம் வைத்தேன், பரவாயில்லையா?

பதில் 2:
வேண்டாம். அது மொத்த வேலைக்கான நேரம் இல்லை, அடுத்த கோரிக்கை வரும்வரை போதும். ஒவ்வொரு கோரிக்கையும் அதைப் புதுப்பிக்கும், 2 நிமிடமே தாராளம். திறந்திருக்கும்வரை பழைய செக்மெண்டுகளை (இண்டெக்ஸ் தரவு இருக்கும் கோப்புகள்) அழிக்க முடியாமல் டிஸ்க் வீங்கும், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பக்கமும் கோப்பில் எழுதி முடித்ததும் கடைசி சார்ட் மதிப்பைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் புதிய பாயிண்ட் இன் டைம் திறந்து அங்கிருந்தே தொடரலாம்.