மறு: பொருள்களை அட்டவணையாக்க ஒரு சொல் வேண்டும்

ஜூரோங்கிலிருந்து:

அன்பர்களே, சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில், சமூக மன்றத்தில் வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தமிழில் பவர்ஷெல் (கணினிக்கு எழுத்தால் கட்டளையிடும் மென்பொருள்) வகுப்பு. கையேடு வெள்ளிக்குள் அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன்.

பவர்ஷெல் கட்டளை திருப்பித் தருவது எழுத்தன்று, பொருள் (ஆப்ஜெக்ட், அதாவது பல பண்புகளைக் கொண்ட தரவுத் தொகுப்பு). சி-ஷார்ப் மொழியில் எழுதிய நிரலுக்குள்ளிருந்து, ஓடும் செயலிகளைப் பட்டியலிடும் ‘கெட்-பிராசஸ்’ கட்டளையை ஓட்டி, வந்ததை அப்படியே அச்சிட்டால் ‘சிஸ்டம்.டயக்னாஸ்டிக்ஸ்.பிராசஸ்’ என்று வகைப்பெயரே வரிவரியாக நிற்கும், பக்கத்தில் செயலியின் பெயர் மட்டும். நினைவகம் எவ்வளவு, அடையாள எண் என்ன, எதுவும் தெரியாது. பண்புகளைப் பிரித்தெடுத்துத் தலைப்பிட்டு அடுக்கவேண்டும். இதை ‘அட்டவணையாக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

பிடோக்கிலிருந்து:

தம்பி, அட்டவணை மராத்தி வழி வந்த சொல். சொற்களை வரிசையாக வைத்து நேருக்கு நேர் பொருத்தும் நிரல்நிறை நம்மிடம் இருக்க அது எதற்கு? தொல்காப்பியர் சொன்ன நான்கு பொருள்கோளில், அதாவது செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகளில், முதலாவது. குறள் 45: ‘அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது.’ அன்புக்கு நேரே பண்பு, அறனுக்கு நேரே பயன். மேலே தலைப்பு, கீழே மதிப்பு, அட்டவணை வேறென்ன? ப்ராப்பர்ட்டிக்கும் பண்பு என்றுதானே எழுதுகிறோம்! ‘நிரல்நிறையாக்கம்’ என்று போடுங்கள். ‘எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே’ என்ற தொல்காப்பியரின் மொழியில் ஆப்ஜெக்ட்டைச் சொல்லாக்கக் கடன் வாங்குவதா?

உட்லண்ட்ஸிலிருந்து:

ஐயா, குறள் காட்டியது அழகு. ஆனால் வகுப்பில் புரோகிராமும் நிரல், அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்கில் நெடுவரிசையும் நிரல். ‘நிரலுக்குள் நிரல்நிறையாக்கு’ என்றால் பன்னிரண்டு மணிநேர வேலை முடித்து வருகிறவர் என்ன செய்வார்? கால அட்டவணை அவர் பள்ளியிலேயே பார்த்தது. எங்கிருந்து வந்தாலும் அது இன்று தமிழ்ச்சொல்.

பொங்கோலிலிருந்து:

தூய்மையை விடுங்கள், இங்கே இரண்டு வேலைகள் கலக்கின்றன. திரையில் அட்டவணையாகக் காட்டும் ‘ஃபார்மட்-டேபிள்’ கட்டளை தருவது தரவன்று, எப்படி வரையவேண்டும் என்ற குறிப்பு. அதை, தரவைக் கோப்பாகச் சேமிக்கும் ‘எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி’க்கு அனுப்பினால் கோப்பில் செயலியின் பெயரே இருக்காது, பொருளற்ற எண்ணெழுத்துக் கோவைகள் குவியும். புதியவர் எல்லாரும் இதில்தான் விழுகிறார்கள். திரைக்கு என்றால் கடைசியில் ‘அவுட்-ஸ்ட்ரிங்’ சேர்த்து எழுத்தாக வாங்கலாம். நிரலில் மேற்கொண்டு வடிகட்டவோ வரிசைப்படுத்தவோ வேண்டுமானால் பண்புகளை ஒவ்வொன்றாகப் படித்து ‘டேட்டாடேபிள்’ (நிரலுக்குள் தரவை வைக்கும் அட்டவணை) நிரப்பவேண்டும். ஒரே சொல் இட்டால் இந்த வேறுபாடு மறையும். முன்னதற்கு ‘அட்டவணைக் காட்சி’, பின்னதற்கு ‘அட்டவணையாக்கம்’ என்பேன்.

ஜூரோங்கிலிருந்து:

பொங்கோல் அக்கா பிரித்தது மாணவர்களைக் காப்பாற்றும். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நேரமில்லை, அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

பிடோக்கிலிருந்து:

அனுப்புங்கள் தம்பி. எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நிரல் என்ற சொல்லைப் புரோகிராமுக்குக் கொடுத்ததே பிழை. அதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.