பொருள்: கண்மாய்ப் பணிக்கான நிதியும் கலுங்கை உயர்த்தும் யோசனையும்

ஊர்ச் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் ஏரியான கண்மாயை ஆழமாகத் தூர்வாரவும், நிறைந்த நீர் வழிந்தோடும் கலுங்கை ஒரு முழம் உயர்த்திக் கட்டவும் ஆளுக்கு 25,000 ரூபாய் கேட்டுத் துபாய் மாமா எழுதிய மடலையும், அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். பணம் தர எனக்குத் தயக்கம் இல்லை. அது எந்த வேலைக்குப் போகிறது என்பதில்தான் எனக்கு மாறுபாடு.

மார்கழியில் ஊருக்குப் போயிருந்த என் தங்கை, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் நடுமடையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். கதவை இறக்கும் கம்பி துருவேறிச் சிக்கிவிட்டதால் மடைவாயில் சாக்கையும் வைக்கோலையும் திணித்து மண்ணை அப்பியிருக்கிறார்கள். அதையும் மீறிக் கசிந்த தண்ணீர் மேல்வயல்களில் கணுக்கால் அளவு தேங்கி நிற்க, கடைமடையில் பால் பிடிக்கும் பருவத்துப் பயிர் காய்ந்து கிடக்கிறது. கண்மாயில் தண்ணீர் கிடக்கும்போதே காய்ந்த பயிர் அது.

மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட நீர்பாய்ச்சி இருந்தவரை இப்படி நடந்ததில்லை. சொந்த நிலம் இல்லாதவரைத்தான் அந்த வேலைக்கு வைத்தார்கள், யார் வயலுக்கும் அவர் சலுகை காட்ட மாட்டார் என்று. அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தோம். ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டவர்கள் தங்களுக்கு மடைத்தண்ணீர் வேண்டாம் என்று அளப்பதை நிறுத்த, மற்றவர்களும் நிறுத்தினார்கள். அந்தப் போர்களுக்கும் ஊற்று கண்மாயிலிருந்துதான் இறங்குகிறது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவரும் முன்வரவில்லை.

ஆழம் தோண்டுவது பற்றி ஒன்று. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது; ஆடுமாடு குடிக்கவும் நிலத்தடியில் இறங்கவும் உதவும், அவ்வளவே. நம் ராமநாதபுரம் சீமையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் ஓடிவரும் நீரைக் கண்மாய்க்குக் கொண்டு சேர்க்கும் வரத்துக் கால்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைந்து கிடக்கிறது. நீர்நிலைகளைப் பயனாளிகளே சேர்ந்து சீரமைக்கும் குடிமராமத்து 2017-இல் மீண்டும் தொடங்கிய பிறகு நம் கரை பலப்பட்டது. கால்வாய் அப்படியே கிடக்கிறது. மரத்தை வெட்டினால் அடிக்கட்டை துளிர்த்துவிடும், வேரோடுதான் பிடுங்க வேண்டும். பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

கலுங்கை உயர்த்துவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். மேலூர்க் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்து நமக்கு வருகிறது, நம் கலுங்கு வழிந்து கீழூருக்குப் போகிறது. ஒரு முழம் உயர்த்தினால் நிறைந்த ஆண்டில் நீர் தேங்கும் உள்வாயை ஒட்டிய மேலூர்க்காரர் பட்டா நிலம் மூழ்கும், நம் மண்கரைக்கும் உடைப்பு அபாயம். குறைந்த ஆண்டில் கீழூருக்கு ஒரு சொட்டும் போகாது. கலுங்கில் நட்டிருக்கும் கற்களுக்கிடையே, பெருமழை ஓய்ந்த பிறகு மட்டும், பலகையும் மண்ணும் வைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்க நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். அதையும் கீழூரிடம் சொல்லிவிட்டே செய்தார்கள். அந்த ஊரில் பெண் கொடுத்து எடுத்தவர்கள் இந்தக் குழுவிலேயே எத்தனை பேர்!

கரைமேல் சங்கத்தின் பெயரில் வளைவு கட்ட வேண்டும் என்ற சிங்கப்பூர் அண்ணனின் விருப்பத்தை மதிக்கிறேன். கடைமடை விளைந்த பிறகு கட்டலாம்.

கண்மாயின் மர ஏலப் பணத்துக்கும், மீன் பிடிக்க விடும் மீன்பாசிக் குத்தகைக்கும் கணக்குக் கேட்ட மேலத்தெரு அத்தானுக்கு இதுவரை பதில் வரவில்லை. மாறாக, அவர் தந்தையாரின் பழைய வழக்கை இழுத்தது முறையன்று. கணக்கை இந்த மாதத்துக்குள் இங்கேயே வெளியிடுங்கள்.

நம் கண்மாய்ப் பாசனம் 100 ஏக்கருக்கு உட்பட்டது, ஆகவே அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது; ஒன்றியத்தின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் எந்திரம் இறங்கக் கூடாது. கால்வாய், நடுமடைக் கதவு, நீர்பாய்ச்சிக்கு ஓராண்டுக் கூலி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பீடு வந்த அன்றே என் பங்கை அனுப்பிவிடுகிறேன். ஆவணிக்குள் வேலை தொடங்கினால்தான் ஐப்பசி மழையைப் பிடிக்க முடியும்.