புதுப்பிப்பு: சூரியனுக்கு மேல் நின்ற ஒளிக்கோடு

மறையும் சூரியனுக்கு மேல் செங்குத்தாக ஒரு ஒளிக்கோடு நிற்கும் படத்தைப் போன வாரம் போட்டு, இது நிஜமா, லென்ஸ் கோளாறா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் லென்ஸ் என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று மறுபடி வந்தது, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சூரியன் முழுக்க இறங்கிய பிறகும் ஏழெட்டு நிமிடம் அப்படியே நின்று, ஆரஞ்சிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறி மங்கியது. லென்ஸுக்குள் சிதறும் ஒளி என்றால் சூரியனோடு சேர்ந்தே போயிருக்கும்.

ஆக, சூரியத் தூண்தான். உயரத்துக் கீற்று மேகங்களில் தட்டையான பனிப்படிகங்கள் ஏறத்தாழ கிடைமட்டமாக மிதந்து இறங்கும். அவற்றின் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி நம் கண்ணுக்குத் தூணாகத் தெரிகிறது. கீழே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் மேலே உறைகுளிர்தான்.

போன வாரப் படம் வெளிறியதற்குக் காரணம் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்யும் வசதி. சிவப்பைத் 'திருத்தி'விட்டது, புண்ணியவான்! இந்த முறை அதை டேலைட்டில் (பகல் வெளிச்ச அமைப்பு) வைத்து, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒன்றரை ஸ்டாப் (ஒளி அளவின் படி) குறைத்து, ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுத்தேன். முதல் ஆறு படங்கள் மட்டும் ஃபோகஸ் தவறிப் போயின. மேகத்தில் பிடிப்பே கிடைக்கவில்லை. அப்புறம் மேனுவலுக்கு மாற்றி, தொலைவில் தெரிந்த மரத்தில் ஃபோகஸ் வைத்தேன்.

பொய்ச்சூரியன் (இதே பனிப்படிகங்களால் சூரியனுக்குப் பக்கவாட்டில் சுமார் 22 பாகை தள்ளித் தெரியும் ஒளிப்பொட்டு) இருக்குமோ என்று கையை நீட்டி, விரல்களை விரித்து ஒரு சாண் அளவு பக்கவாட்டில் தேடினேன். அந்தச் சாண் ஏறத்தாழ அதே 22 பாகை. இடப்பக்கம் லேசாக ஒரு வானவில் துணுக்கு, அவ்வளவுதான். படத்தில் விழவில்லை.