ஹங்கர் கேம்ஸ் (சுசான் கொலின்ஸ் எழுதின நாவல், பிள்ளையளின்ர பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஆளையாள் கொல்லுற சண்டைக்கு விட்டு ரிவியில காட்டுவினம்) வாசிச்ச ஆக்கள் வாங்கோ, எந்த இடத்தில புத்தகத்த மூடி வச்சனீங்கள்?

கொக்குவில்காரி:
எனக்கு அந்தத் தானியக் கணக்கு. சண்டை துவங்க முதலே வருமெல்லோ, வீட்டில ஒராளுக்கு ஒரு வருசத்துக்கு தானியமும் எண்ணெயும் வேணும் எண்டால் பிள்ளை தன்ர பேரை இன்னொரு துண்டில போடோணும், கதை சொல்லுற பெட்டை காட்னிஸுக்கு 16 வயசில 20 துண்டு, அவளின்ர சிநேகிதன் கேலுக்கு 42. அம்மாவுக்கு இங்கிலிஷ் வராது, நான் குசினி வாசல்ல இருந்து வாசிச்சு வாசிச்சு தமிழில கதை சொல்லிக்கொண்டிருந்தனான், அவ தேங்காய் துருவிக்கொண்டு ம் கொட்டிக்கொண்டிருந்தவ. இந்த இடம் வந்தோண்ண "தாய்க்காரி தன்ர பேரைப் போட்டிருக்கலாம்தானே" எண்டா. பெரியாக்களின்ர பேர் எடுக்கமாட்டினம் அம்மா, 12 இல இருந்து 18 வரைக்கும்தான் எண்டன். ஒண்டும் பேசேல்ல. துருவினபடியே இருந்தா, பாத்தால் வெள்ளை முடிஞ்சு சிரட்டையில போய் உரஞ்சிக்கொண்டு நிக்குது, துருவல் முழுக்க மண்ணிறம். நான்தான் கையில இருந்து பறிச்சனான். 90களில கூப்பன் கார்ட்டும் பையுமா சங்கக்கடை லைனில நிண்ட மனுசி. என்ன நினைச்சவ எண்டு நான் கேக்கேல்ல, அவவும் சொல்லேல்ல. அடுத்த நாள் காலமை "அந்தப் பெட்டை இருக்கிறாளோ" எண்டு தானாவே கேட்டா.

பழைய நாவற்குழியான்:
தண்ணி. மகளின்ர புத்தகத்த சும்மா புரட்டுவம் எண்டு எடுத்து அங்கதான் நிண்டிட்டன். காட்னிஸ் நாக்கு வறண்டு காட்டுக்க விழுந்து எழும்பி நடக்கிறாள், வெளியில இருந்து அவளுக்கு வழிகாட்டுற ஹேமிச் நினைச்சால் தண்ணி அனுப்பலாம், அனுப்பேல்ல, அப்ப கிட்டத்தான் எங்கயோ தண்ணி இருக்கு எண்டு அவளே கண்டுபிடிக்கிறாள். கடைசியில சேத்தில கை வைக்கிறாள். சேறெண்டால் தண்ணி.
95 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணச் சனம் சண்டைக்குப் பயந்து இடம்பெயரேக்க, செம்மணி வெளியால நடந்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. ரெண்டு பக்கமும் தண்ணிதான், அவ்வளவும் உப்பு. சனம் அசையேல்ல. மழை வந்தோண்ண அப்பா குடையைத் தலைகீழாப் பிடிச்சு ஏந்தி எனக்குத் தந்தவர், கறுப்புக் குடை, சாயம் இறங்கி மை மாதிரிக் கிடந்தது, அதை அப்பிடியே குடிச்சன். காட்னிஸ் அயடின் துளி விட்டுப்போட்டு அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டிருப்பாள், எனக்கு அந்தப் பொறுமையைத்தான் நம்ப முடியேல்ல.

பற்றரி 3 வீதம்:
அண்ணை குறை நினைக்காதேங்கோ, ஆனா எந்தப் புத்தகத்த எடுத்தாலும் கடைசியா 95க்குக் கொண்டு வந்து நிப்பாட்டுறதுதான் எங்கட ஆக்களின்ர பழக்கம். கொலின்ஸ் இதை எழுதத் துவங்கினதே ரிவியில சனல் மாத்தேக்க ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, மற்றப் பக்கம் ஈராக் சண்டை, ரெண்டும் கலந்துபோன மாதிரி இருந்ததெண்டு அவவே சொன்னவ. அதாவது பாத்துக்கொண்டிருக்கிறவனைப் பற்றினது, தலைநகர் கப்பிட்டல்காரர் மேக்கப் போட்டுக்கொண்டு பெட் கட்டிக்கொண்டு பாக்கினமே, அவை. அதை ஏன் ஆரும் கதைக்கிறேல்ல?
என்ர கதை சின்னன். 2022 மார்ச், 13 மணித்தியாலக் கரண்ட் கட் அடிச்ச நேரம், போன்லதான் வாசிச்சனான், காட்னிஸோட கூட்டுச் சேர்ந்த சின்னப்பிள்ளை ரூ வலைக்க கிடக்கிறாள், வலைக்குள்ளால கையை நீட்டி காட்னிஸின்ர பேரைச் சொல்லுறாள், ஈட்டி வருது, போன் செத்துப்போச்சு. முன்வீட்டில ஜெனரேட்டர் போட்டு ஃபான் காத்து வாங்கினம், எனக்குப் போய் ஒருக்கா சார்ஜ் போடட்டோ எண்டு கேக்கவும் வெக்கம், ஒரு புத்தகத்துக்காகப் போய்க் கேக்கிறதோ எண்டு. கரண்ட் வந்து மிச்சத்த வாசிக்கேக்க ரூவின்ர டிஸ்ரிக்கில இருந்து பாண் வருது பாருங்கோ, சாப்பிட வழியில்லாத சனம் காசு சேத்து அனுப்பினது. அழுதிட்டன், ஓம். ஆனா ரூவுக்காக அழுதனான், 95க்காக இல்ல.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நான் முதலாவது புத்தகம் முடிச்சனான், ரெண்டாவதில அரைவாசி. நல்ல புத்தகம். பிள்ளையளுக்குக் குடுக்கிற ஆக்கள் கவனிக்கோணும். முதல்ல 2012 இல வந்த படத்தைக் காட்டாதேங்கோ, புத்தகத்தில காட்னிஸ் தானே சொல்லிக்கொண்டு போறாள், அவளுக்குத் தெரியாதது எங்களுக்கும் தெரியாது, படத்தில கண்ட்ரோல் ரூமையெல்லாம் காட்டிப்போடுவினம். 2020 இல வந்த முன்கதையிலயும் துவங்கவேண்டாம், 2008 புத்தகத்தில துவங்கோணும். 12 வயசுக்குக் கீழ வேண்டாம். போனில வாசிச்சால் கண் களைக்கும், லைப்ரரியில மெம்பராகிறது என்ன கஷ்டமே. தண்ணிக்கு அயடின் எண்டு தேடித் திரியாதேங்கோ, நல்லாக் கொதிக்க வச்சு ஆற வச்சால் காணும். அதோட புத்தகத்தில வாற நஞ்சுப் பழம் கதைக்காகக் கட்டினது, ஆனா எங்கட வேலிகளில படருற குண்டுமணி உண்மையாவே நஞ்சு, வடிவாச் சிவப்பாக் கிடக்குதெண்டு சின்னனுகள் வாயில வைக்கும், கண்டால் கொடியோட பிடுங்கி எறியுங்கோ.

கொக்குவில்காரி:
ஐயா ஆர் குண்டுமணி கேட்டது 😄

மல்லாவி மகள்:
நான் கலியாணம் முடிச்சு யாழ்ப்பாணம் வந்தனான். சேர்மார் ஆரோ இங்கிலிஷ் பழக நல்லதெண்டு சொல்லித்தான் எடுத்தது. எல்லாரும் காட்னிஸ் தங்கச்சிக்குப் பதிலாப் போற இடத்தைப் பெரிசாச் சொல்லுவினம். எனக்கு அதுக்குச் சரியா முன்னுக்கு, ப்ரிம் பேர் கேட்டு மேடைக்கு நடக்கேக்க பின்பக்கம் சட்டை பாவாடைக்கு வெளியால வந்து கிடக்கும். விடியவும் அக்கா அதைத்தான் உள்ளுக்க விடச் சொன்னவள். அந்தச் சட்டை நுனியோட மூடிப்போட்டன், கனநாள் எடுக்கேல்ல.
எங்கட வீட்டில துண்டு எடுத்துப் பேர் வாசிக்கேல்ல. சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கக்காரர் கேட்டவை. அக்காதான் போனவ. பற்றரி தம்பி, நான் 95ஐக் கொண்டு வரேல்ல, அது புத்தகத்துக்குள்ளதான் கிடந்தது.
பிறகு திரும்ப எடுத்து ரெண்டும் முடிச்சிட்டன். மூண்டாவது மேசையில கிடக்கு. ப்ரிம்முக்கு ஒண்டும் நடக்காதுதானே, அதை மட்டும் சொல்லுங்கோ.

பற்றரி 3 வீதம்:
அக்கா நான் மேல சொன்னதை விடுங்கோ. மூண்டாவதை இப்ப எடுக்காதேங்கோ. ரெண்டோட நிப்பாட்டுங்கோ.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஏன் தம்பி மறிக்கிறீர், துவங்கினதை முடிக்கிறதுதான் முறை. பிள்ளை வாசிக்கட்டும்.

பற்றரி 3 வீதம்:
ஐயா நீங்கள் ரெண்டாவதில அரைவாசியில நிக்கிற ஆள்.