சிவப்புக் குள்ள விண்மீன் வெளிச்சத்தில் உயிர் பிழைக்குமா?

பாம்பன்காரன்: பால்வழியில் ஏறக்குறைய நாலில் மூன்று விண்மீன் சிவப்புக் குள்ளன்தான், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான, சூடு குறைந்த விண்மீன். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு; இவற்றில் சிறியவை பல லட்சம் கோடி ஆண்டு எரியும். உயிர் தோன்ற இவ்வளவு அவகாசம் வேறெங்கே? அங்கேதான் தேட வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

கீழக்கரையான்: ஆயுசு கெட்டி, குணம்தான் சரியில்லை. 4.2 ஒளியாண்டு தூரத்துச் சிவப்புக் குள்ளன் பிராக்சிமா சென்டாரி 2019 மே மாதம் ஒருமுறை சீறியதில், அதன் புற ஊதா ஒளி சில நொடிகளில் 14,000 மடங்கு எகிறியது. அதைச் சுற்றும் பிராக்சிமா பி கோளுக்கு ஒரு சுற்று வெறும் 11 நாள், அவ்வளவு நெருக்கம். காற்று மண்டலம் எப்படித் தங்கும்? டிராப்பிஸ்ட்-1 என்ற இன்னொரு சிவப்புக் குள்ளனைச் சுற்றும் பி கோளை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்ததே, 2023இல் வந்த முடிவில் காற்று மண்டலத்துக்கான தடயமே இல்லை.

பாம்பன்காரன்: பி கோள் விண்மீனை ஒட்டிக் கொதிப்பது, தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரமான உயிர் வாழும் மண்டலத்திலேயே இல்லை. அதை வைத்து அந்த விண்மீனின் மற்ற ஆறு கோள்களையும் தள்ளுவீர்களா? சீறினால் கடலுக்குள் போய்விட வேண்டியதுதான். தண்ணீர் புற ஊதாவைத் தடுக்கும்.

மண்டபத்துப் பாசிக்காரி: சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் தம்பி. நாங்கள் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். மூன்று பாகம் (சுமார் ஐந்தரை மீட்டர்) ஆழத்திலேயே சிவப்புக் கயிறு நிறம் செத்துத் தெரியும். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கும், அகச்சிவப்பு அதற்கும் முன்னாலேயே போய்விடும். அந்த விண்மீன் தருவதோ பெரும்பாலும் அகச்சிவப்பு. ஆழத்துக்குப் போனால் பட்டினி, மேலே வந்தால் சூடு. நம் கஞ்சிப்பாசிக்காவது பச்சை, நீல வெளிச்சத்தைப் பிடிக்கும் சிவப்பு நிறமி இருக்கிறது. அங்கே அந்த வெளிச்சமே சொற்பம்.

தொண்டி வாத்தியார்: அக்கா சொல்வது நியாயம். ஆனால் உயிர் கிடைத்ததைத் தின்னும். ஆஸ்திரேலியாவின் ஷார்க் வளைகுடாவில் 2010இல் தெரியவந்த பச்சையம் எஃப், 700 நானோமீட்டர் தாண்டிய ஒளியையும், அதாவது அகச்சிவப்பின் ஓரத்தையும், பிடிக்கிறது. அதைவிட ஆச்சரியம், பசிபிக்கில் சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றின் மங்கல் ஒளியை உண்டு வாழும் பச்சைக் கந்தக பாக்டீரியா. 2005இல் அறிவித்தார்கள். வெயிலே படாத இடம்!

கீழக்கரையான்: சரி, அந்தப் பாக்டீரியா ஆக்சிஜனை வெளியிடுவதில்லையே வாத்தியாரே. ஆக்சிஜன் தடயம் இல்லாமல், அப்படிப்பட்ட கோளைத் தொலைநோக்கியில் பார்த்து என்ன அடையாளம் காண்பீர்கள்?

பாம்பன்காரன்: உயிர் இருக்க முடியுமா என்பதுதான் பேச்சு. நம் கண்ணுக்குப் படுமா என்பது வேறு பேச்சு. முதலாவதை ஒத்துக்கொண்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.